பலகை எண் ஏழு

ஒன்றாம் பலகை கட்டணம்.
பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து, மற்றவர்க்கு முப்பது,
கேமராவுக்குத் தனி.
இரண்டு, கமலைக் கிணறு. எட்டிப் பார்க்காதீர்.
மூன்றில் நெற்களஞ்சியம்;
கட்டிய ஆண்டு யாருக்கும் தெரியாததால்
'நூறாண்டுக்கும் மேல்' என்று எழுதவைத்தேன்.
ஐந்தில் மயிலைக் காளை.
அதற்குப் பிள்ளைகளைப் பிடிக்காது,
அதை மட்டும் எழுதவில்லை.
திருப்பாலைக்குடி தாண்டி, கடற்கரைச் சாலையை விட்டு
வண்டியைத் திருப்பி உள்ளே வருகிறவர்கள்
எந்தப் பலகையிலும் இல்லாததைத்தான் முதலில் கேட்பார்கள்:
கழிப்பறை எந்தப் பக்கம்?

ஏழாம் பலகை வயலோரம்.
'இது மானாவாரி நிலம்.
வானம் தரும் நீரன்றி
வேறு நீர் பாய்ச்சுவதில்லை.'
எழுதிக் கொடுத்தவள் நான்.
பெயின்ட் அடித்தவர் தேவிபட்டினம் செங்கோல்.
'பாய்ச்சுவதில்லை'யில் ய் விட்டுப்போய்
அப்புறம் இடுக்கில் செருகினார்.

ஆவணியில் புழுதி விதைப்பு. நொறுங்கன்.
புரட்டாசியில் ஒரு மழை, முளைத்தது.
ஐப்பசியில் இரண்டு, முழங்கால் உயரம்.
கார்த்திகை முழுக்கக்
கடல்மேல் மேகம் வந்து நின்று
மண்டபம் பக்கமாய்ப் போய்விட்டது,
வாசலில் கட்டணம் விசாரித்துவிட்டுத்
திரும்பிப் போகும் காரைப்போல.

மார்கழி எட்டாம் தேதி
பரமக்குடியிலிருந்து இரண்டு பேருந்து,
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
பணம் முன்பே கட்டியாயிற்று.
அறக்கட்டளைச் செயலர் ஜமாலி போனில் சொன்னார்:
'வயல் பச்சையா இருக்கணும்மா.'
அதற்கு மேல் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஏழாம் தேதி இரவு
சீனி இபுறாகிமின் டேங்கர் பின்வாசலால் வந்தது.
முகப்பு விளக்கை அணைக்கச் சொன்னேன்.
வழிவிட்டான் குழாயைப் பிடிக்க
செல்போன் வெளிச்சம் நான்.
மூன்று சென்ட் காட்சி வயலுக்குப்
பன்னிரண்டாயிரம் லிட்டர், உப்புக் கரிக்காத தண்ணீர்.
வெடிப்புக்குள் அது இறங்கும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.
கணக்கில் எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டார் வழிவிட்டான்.
'பராமரிப்பு' என்றேன்.

காலையில் ஆசிரியர் என் பலகையை உரக்க வாசிக்க
எல்லோரும் நோட்டில் எழுதினார்கள்.
ஹஸ்மியா என்று ஒருத்தி எழுதவில்லை.
வரப்போரம் குந்தி
டயர் தடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.
தண்ணீர் ஊறி வந்தது.
'அக்கா, எங்க தெருவுக்கும் டேங்கர்தான்.
செவ்வாக்கெழம வரும்.'
குற்றம் சொல்லும் குரல் இல்லை.
தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்துவிட்ட சந்தோசம்.

வழிவிட்டான் காதில் விழுந்தது.
வைக்கோல் போடுகிற சாக்கில் காளையிடம் போய்விட்டார்.
நான் எங்கே போக?
'ஆமாம்மா, நேத்து ராத்திரி வந்துச்சு.'
அப்போதுதான் அவள் நோட்டைத் திறந்தாள்.
எழுத்துக்கூட்டி, தலையைச் சாய்த்து,
'எத்தன லிட்டர்?' என்றாள்.

அதன்பிறகு டேங்கர் கூப்பிடவில்லை.
தையில் கதிர் பாதி வெளிவந்து பதராய் நின்றது.
பொங்கல் விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்தவர்
காய்ஞ்ச வயலுக்கா முப்பது ரூபாய் என்று சத்தம் போட்டார்.
அது நியாயமான கேள்விதான்.
ஏழாம் பலகைக்கு மேல் கறுப்புத் தகடு அறைந்து
சாக்பீஸால் எழுதினேன்:
விதைப்பு ஆவணி. மழை மூன்று.
டேங்கர் ஒன்று. அறுப்பு இல்லை.

ஜமாலி வந்தார்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டு முறை வாசித்தார்.
கட்டணச் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு
நான் காத்து நின்றேன்.
'வைக்கோல் எவ்வளவு கெடச்சதுன்னும் போடு' என்றார்.

நான்கு கட்டு.
எழுதுவதற்குள் மயிலை
ஒன்றைத் தின்றிருந்தது.